எப்போது தொடங்கியது

ஜூலை 7, திங்கள்

இன்று மீண்டும் ஆய்வகத்துக்குப் போனேன். மருத்துவமனை ஆலோசகர் ஏதாவது எழுதச் சொல்லியிருக்கிறார். உணர்வுகளை எழுதுங்கள் என்றார். எழுதும்படி அப்படி ஒன்றும் இல்லை. நடந்ததை எழுதுகிறேன்.

பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. ஆய்வகத்தில் எல்லோரும் அவரவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் நாற்காலியில் முதுகுக்கு வைத்திருந்த தலையணையை யாரோ எடுத்துவிட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார்கள்.

வசுந்தரா மேடம் அறைக்குக் கூப்பிட்டார். இந்த மறதிநோய் ஆய்வகம் அவருடையது. முனைவர் பட்டம் முடித்த கையோடு பெங்களூர் வந்து அவரிடம் ஆய்வாளராகச் சேர்ந்தேன். எப்படி இருக்கிறாய் என்றார். நன்றாக இருக்கிறேன் என்றேன். "இனி நீ திசு அறைக்குப் போகலாம்" என்று நல்ல செய்தி சொல்வதுபோலச் சொன்னார். பிப்ரவரியிலிருந்து எனக்கு அந்த அறைக்குள் அனுமதி இல்லை. அங்கே திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் இருக்கும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது. என்ன சொன்னோம் என்பது அவருக்குப் பிறகுதான் உறைத்திருக்க வேண்டும். மேசையில் இருந்த ஸ்டேப்ளரை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"சரி மேடம்" என்றேன்.

அம்மா நேற்று சிவகாசிக்குத் திரும்பிவிட்டாள். ஃப்ரிட்ஜில் பூண்டுக் குழம்பு டப்பா டப்பாவாக இருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்கு வைக்கிற குழம்பு. வேறு என்ன சமைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஜூலை 9, புதன்

திசு சீவுகிற மைக்ரோடோம் இயந்திரத்துக்கு பிளேடு தீர்ந்துவிட்டது. ஆர்டர் போட்டேன்.

ஜூலை 14, திங்கள்

காலையில் கோலார் தங்கவயலிலிருந்து போன்.

"டாக்டரம்மா, அவரு பூட்டாரு."

சலேத்தம்மாள். நான் மருத்துவர் இல்லை என்று பலமுறை சொல்லிவிட்டேன், அவர் மாற்றிக்கொள்ளவில்லை. அவர் கணவர் ஞானசிகாமணி, தங்கச் சுரங்கத்தில் ஆட்களை இறக்கி ஏற்றும் இயந்திரத்தை ஓட்டியவர். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு மறதிநோய் என்று சொன்னார்கள். அதிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை இருவரும் எங்கள் ஆய்வுக்கு வந்துபோவார்கள். தமிழ் தெரிந்த ஆள் நான் என்பதால் கேள்வி கேட்பது என் வேலை. இறந்தபின் மூளையைத் தருவதாக அவர் தெளிவாக இருந்தபோதே சம்மதித்திருந்தார்.

"எப்பம்மா?"

"விடியறப்ப. கஞ்சி காச்சிகினு இருந்தேன். திரும்பிப் பாத்தா மூச்சு இல்ல."

"வண்டி அனுப்புறேன்மா. ஜெபம் ஏதாவது பாக்கி இருக்கா?"

"ஃபாதர் வந்துட்டுப் போயிட்டாரு. சாயங்காலத்துக்குள்ள திருப்பி அனுப்பிருவீங்க இல்ல? நாளைக்கு அடக்கம்."

"அனுப்பிருவோம்."

வருத்தம் சொல்லவில்லை என்பது போனை வைத்த பிறகு நினைவுக்கு வந்தது. திரும்பக் கூப்பிட்டுச் சொல்லலாம். சொல்லவில்லை.

மதியம் வண்டி வந்தது. எடுப்பதைப் பக்கத்து மருத்துவமனையில் செய்துவிடுவார்கள், எங்களிடம் வருவது மூளை மட்டும். டெக்னீஷியன் நாகராஜ் தராசில் வைத்தார். எதிர்பார்த்ததைவிட எடை குறைவு. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி சுருங்கி, மடிப்புகளுக்கு நடுவே பெரிய பெரிய இடைவெளி. சரிபாதியாக வெட்டினேன். ஒரு பாதி உறைகுளிருக்கு, ஒரு பாதி ஃபார்மலினுக்கு. ஞானசிகாமணி வரும்போதெல்லாம் தட்டில் வைக்கிற பிஸ்கட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். வெட்டும்போது அது நினைவு வந்தது. நினைவு வந்தது, அவ்வளவுதான். வெட்டு நேராகத்தான் விழுந்தது. ஐந்து மாதமாகத் தொடாத கத்தி.

சலேத்தம்மாளும் உடலோடு வந்திருந்தார். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கேட்டார்.

"பாத்துச் சொல்லுவீங்க இல்ல?"

"என்ன பாக்கணும்மா?"

"எப்ப ஆரம்பிச்சுதுன்னு."

பார்க்கிறோம் என்றேன். யார் கேட்டாலும் சொல்கிற பதில்.

ஜூலை 20, ஞாயிறு

துணி துவைத்தேன். பரிதி உப்புமா செய்தான். நன்றாக இருந்தது. அவன் அலுவலகத்தில் ஏதோ புது வேலை ஒப்படைத்திருக்கிறார்கள், அதைப் பற்றிச் சொன்னான். கேட்டேன்.

எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. கல்யாணமாகி இத்தனை நாளில் இவ்வளவு மரியாதையாக நாங்கள் நடந்துகொண்டதே இல்லை. ஒருவர் சாப்பிட்ட தட்டை இன்னொருவர் கழுவுகிறோம்.

ஜூன் மாதம் மருத்துவமனையில், எல்லாம் முடிந்த அன்று, அவன் அறைக்குள் வந்தபோது சட்டையில் சட்னி பட்டிருந்தது. கேன்டீனில் மசால் தோசை சாப்பிட்டிருக்கிறான். நான் அதைப் பார்த்தேன். ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

சலேத்தம்மாள் மறுபடியும் போன் செய்தார். திசு ஊறி இறுகச் சில வாரம் ஆகும், பிறகு மெழுகில் பதித்து, சீவி, சாயம் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அறிக்கையைத் தபால்ல அனுப்புவோம்மா."

"தபால் வேணாம். இங்கிலீஷ்ல இருக்கும். நீங்க வாயால சொல்லுங்க."

"எதுக்கும்மா இவ்வளவு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

"எனக்கு வேணும்" என்றார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

நாள் முழுக்க சீவினேன். மெழுகுக் கட்டியிலிருந்து வரும் சுருளை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் விரிந்ததும் கண்ணாடித் தகட்டில் ஏந்தி எடுக்க வேண்டும். மூச்சு பட்டாலே கலைந்துவிடும். இந்த வேலை பிடித்திருக்கிறது. பேச வேண்டியதில்லை.

நாகராஜின் மகளுக்குப் பிறந்தநாளாம். எல்லோருக்கும் கேக் கொடுத்தார். என் மேசையருகே வந்து தயங்கினார்.

"குடுங்கண்ணா" என்றேன். வாங்கித் தின்றேன். அவர் முகம் ஏன் அப்படி ஆனது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. தூங்கினேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஞானசிகாமணியின் தகடுகளைப் பார்த்து முடித்தோம். அது அல்சைமர் என்ற மறதிநோய் இல்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் சொன்னது தவறு. அவருக்கு இருந்தது முன்மூளைத் தேய்வு. அந்த நோயில் நினைவு கடைசியில்தான் போகும். முதலில் போவது அடுத்தவர் மேல் இருக்கிற அக்கறை. வீட்டில் யாராவது அழுதால் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள். வீட்டுக்காரர்கள் அதை நோய் என்று நினைப்பதில்லை. ஆள் மாறிவிட்டான், மனசு கல்லாகிவிட்டது என்றுதான் நினைப்பார்கள்.

மேடம் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ரொம்ப நல்ல கேஸ், கட்டுரைக்கு ஆகும்" என்றார். தவறாக ஒன்றுமில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன். சலேத்தம்மாளிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன். அது நம் வேலை இல்லையே, தபால் போதுமே என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, சரி போய் வா என்றார்.

எங்கள் மருத்துவரிடம் நானும் பரிதியும் ஒருமுறை கேட்டிருக்கிறோம். ஏன் இப்படி ஆனது என்று. எல்லாப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது, காரணம் என்று எதையும் சொல்ல முடியாது, சில சமயம் இப்படி நடக்கும் என்றார். பரிதி அவருக்கு நன்றி சொன்னான்.

செப்டம்பர் 5, வெள்ளி

தங்கவயலுக்குப் போய்விட்டு வந்தேன். கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

காலை ரயில். பங்காருப்பேட்டை தாண்டியதும் பெட்டியில் எல்லோரும் தமிழ் பேசினார்கள். தங்கவயலின் சாம்பியன் நிலையத்தில் இறங்கினேன். தங்கத்தை எடுத்துவிட்டுக் கொட்டிய மண், சாம்பல் நிற மலைகளாக ஊரைச் சுற்றி நிற்கிறது. அதில் புல் முளைத்திருக்கவில்லை. தொழிலாளர் குடியிருப்பு வரிசையில் ஒரு வீடு. முன்னால் தகரம் வேய்ந்து நீட்டியிருந்தார்கள்.

சலேத்தம்மாள் வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே உட்கார வைத்து, காபி கொடுத்து, ஏதோ வீட்டு விசேஷத்துக்கு வந்தவளைப்போல வெயில், ரயில் எல்லாம் விசாரித்தார். சுவரில் மாதா படத்துக்குக் கீழே ஒரு பெண்ணின் படம். செவிலியர் உடுப்பில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்டெல்லா" என்றார். "எங்க பொண்ணு. ஒரே பொண்ணு. வேலூர்ல நர்ஸா இருந்தா."

ஆண்டுதோறும் நான் கேட்ட கேள்விகளில் பிள்ளைகள் பற்றியும் ஒன்று உண்டு. இல்லை என்றுதான் சொல்லியிருந்தார்.

"எட்டு வருஷமாச்சு. காய்ச்சல்னு படுத்தா, எழுந்திருக்கல. பெட்டிய தோ, நீங்க உக்காந்திருக்கிற எடத்துலதான் வெச்சிருந்தோம். ஊரே அழுவுது. இவரு உள்ள போயி தட்டுல சோறு போட்டுகினு வந்து, பெட்டி பக்கத்துல உக்காந்து சாப்புடுறாரு. கொழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்துன்றாரு. என் தங்கச்சி மூஞ்சிய பாத்தேன். அதுக்கு அப்பால கல்லறையில எல்லாரும் மண்ணு போடுறோம். இவரு என் கைய தட்டி, நேரமாவுது போலாமான்றாரு."

நான் உட்கார்ந்திருந்த இடத்தைக் குனிந்து பார்த்தேன்.

"அதுலேர்ந்து நான் அவருகிட்ட பேசல. சோறு போடுவேன். துணி தொவைப்பேன். அப்பால நோவுன்னு சொன்னாங்க. குளிப்பாட்டுனேன், பீ மூத்திரம் அள்ளுனேன். ஒருநாள் கூட மொகம் சுளிக்கல. ஆனா பேசல. அவரு கடைசி வரைக்கும் என் பேர மறக்கல தெரியுமா? சலேத்து சலேத்துன்னு கூப்புடுவாரு. நான் திரும்ப மாட்டேன்."

முந்தானையால் காபி டம்ளரின் விளிம்பைத் துடைத்தார்.

"இப்ப சொல்லுங்க. அன்னிக்கே நோவு இருந்துச்சா?"

ரயிலில் வரும்போது நான் ஆமாம் என்று சொல்லப் பழகிக்கொண்டே வந்தேன். என்ன காரணத்துக்காகக் கேட்கிறார் என்று தெரியாது, ஆனால் ஆமாம் என்பதைத்தான் எதிர்பார்க்கிறார் என்று நினைத்திருந்தேன். இப்போது அதுவும் உதவாது.

அவரே சொன்னார். "இருந்துச்சுன்னா, நோவாளி மனுஷன எட்டு வருஷம் அனாதையா வெச்சிருந்தேன். இல்லன்னா, பெத்த பொண்ணு பொணத்துக்குப் பக்கத்துல பசி எடுக்கிற ஆளோட குடும்பம் நடத்துனேன். எதுவா இருந்தாலும் சொல்லுங்க. தெரியாம இருக்கிறதுதான் முடியல."

நோயைப் பற்றிச் சொன்னேன். எது முதலில் போகும், எது பின்னால் போகும் என்று. அவருக்கு இருந்தது மறதிநோய் இல்லை, டாக்டர்கள் தப்பாகச் சொல்லிவிட்டார்கள் என்று. கவனமாகக் கேட்டார்.

"அப்ப அன்னிக்கே இருந்திருக்குது."

"இருந்திருக்கலாம்மா. அந்த அளவு தேய எட்டு வருஷம் ஆகியிருக்கலாம். அஞ்சு வருஷத்துலயும் தேயலாம். நாங்க பாக்குற தகட்டுல கடைசி நாள்தான் தெரியும். முதல் நாள் தெரியாது."

"அவ்ளோ பெரிய மெசினு வெச்சிருக்கீங்க."

"தெரியாதும்மா."

வெளியே யாரோ குடத்தை இழுத்துக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் தெருமுனைவரை போய்த் தேய்ந்தது. அதன்பிறகு நான் பேசியது திட்டமிட்டது இல்லை.

"எனக்கு ஜூன்ல கொழந்த பொறந்துச்சும்மா. வயித்துக்குள்ளயே போயிருச்சு. ஆறரை மாசம்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். போன ஆண்டு அவர் என்னிடம், ஒன்றும் இல்லையா இன்னும் என்று கேட்டிருக்கிறார்.

"வீட்டுக்கு வந்தன்னைக்கு கேஸ் அடுப்பைக் கழட்டினேன். பர்னர்ல இருக்கிற ஓட்டை ஒவ்வொண்ணையும் ஊசி வெச்சுக் குத்திச் சுத்தம் பண்ணினேன். எங்கம்மா கதவுகிட்ட நின்னு பாத்துட்டு இருந்தாங்க. இன்னைக்கு வரைக்கும் நான் அழல. எனக்கு எந்த நோயும் இல்லம்மா. எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு. அதுக்காக அந்தப் புள்ளைய எனக்கு..."

முடிக்கவில்லை. முடிக்க வேண்டியிருக்கவில்லை.

சலேத்தம்மாள் வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இரக்கமாகத் தெரியவில்லை. எதையோ சரிபார்ப்பதுபோல இருந்தது.

"கல்லறையிலேர்ந்து வந்து சைக்கிள தொடச்சாரு" என்றார். "சக்கரத்துல இருக்கிற போக்ஸ் கம்பி ஒண்ணொண்ணா. இருட்டிப் போச்சு, அப்பவும் தொடச்சிகினே இருந்தாரு. அத நான் மறந்தே பூட்டேன்."

"சரிம்மா."

"அப்ப மூணாவதா ஒண்ணு இருக்குதுன்றீங்க."

"அதுவும் எனக்குத் தெரியாதும்மா. இருக்கலாம்."

அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். சாப்பிடாமல் போகக் கூடாது என்றார். அங்கிருந்தே கேட்டார்.

"ஆணா, பொண்ணா?"

"பொண்ணு."

"எங்க பொதச்சீங்க?"

"தெரியாது."

கரண்டிச் சத்தம் நின்றது. "தெரியாதுன்னா?"

"எனக்கு மயக்கம் தெளியல. எங்க வீட்டுக்காரரும் அவர் ஃபிரண்டும் கொண்டுபோனாங்க. நான் கேக்கல."

"அவரு சொல்லலியா?"

"இல்ல."

கரண்டிச் சத்தம் மறுபடி தொடங்கியது.

"நானும் கேக்கல" என்றார் சலேத்தம்மாள். "ஏன்யா சாப்புட்டன்னு ஒரு வார்த்த. அன்னிக்கு அவருக்குப் பேச்சு நல்லாதான் இருந்துச்சு."

சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டார். எனக்கு எதிரே உட்கார்ந்து அவரும் சாப்பிட்டார். கிளம்பும்போது ரயிலடி வரை வந்தார். அழவில்லை, நன்றியும் சொல்லவில்லை. அவர் நோயைப் பற்றிக் கட்டுரை எழுதப்போகிறோம் என்றேன். அதில் அவர் பேரைப் போடுவீர்களா என்றார். பேர் போடமாட்டோம் என்றேன். அது நல்லது என்றார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

கேட்கலாம் என்றிருந்தேன். பரிதி மிக்ஸியைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். கேட்கவில்லை.

செப்டம்பர் 10, புதன்

மேடம் கட்டுரையின் முதல் வடிவம் கேட்டார். 'நோய் தொடங்கிய காலம்' என்ற இடத்தில் நான்கு ஆண்டு என்று போட்டிருந்ததை எடுத்துவிட்டு 'தெரியவில்லை' என்று எழுதினேன். அது எடுபடாது, தோராயமாகவாவது ஓர் எண் வேண்டும் என்றார். இல்லை மேடம் என்றேன். அவரிடம் இல்லை என்று நான் சொன்னது இதுதான் முதல்முறை என்று நினைக்கிறேன். அவருக்குக் கோபம் வரவில்லை. எனக்குத்தான் கழுத்தெல்லாம் சூடாகிவிட்டது.

செப்டம்பர் 14, ஞாயிறு

காலை. பரிதி முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தான். எதிரே உட்கார்ந்தேன்.

"பாப்பாவ எங்க வெச்சீங்க?"

கத்தி நின்றது. அவன் நிமிரவில்லை.

"ஏரிக்கு அந்தப் பக்கம். மயானத்துல சின்னப் புள்ளைங்களுக்குன்னு ஒரு எடம் இருக்கு."

"போகணும்."

"இப்பவா?"

"இப்ப."

நறுக்கியதை அப்படியே விட்டுவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் வண்டிச் சாவியை எடுத்தான்.

காவலாளி கேட்டைத் திறந்து, பின்சுவர் ஓரத்தைக் கைகாட்டினார். ஜூலையிலும் ஆகஸ்டிலும் பெய்த மழையில் எல்லாம் வளர்ந்திருந்தது. பார்த்தீனியம் முழங்கால் உயரம். சின்னச் சின்ன மேடுகள், பாதி கரைந்து தரையோடு தரையாக. பெயர்ப் பலகை எதுவும் கிடையாது. பரிதி முன்னால் நடந்தான். ஒரு மேட்டருகே நின்றான். திரும்பி வந்து இன்னொன்றின் அருகே நின்றான். சுவரைப் பார்த்தான், மரத்தைப் பார்த்தான், மறுபடி முதல் மேட்டுக்கே போனான்.

"சுவத்துல ஒரு வெடிப்பு இருந்துச்சு. அதுக்கு நேரா."

சுவரில் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்.

"இந்த ரெண்டுல ஒண்ணு" என்றான். "அரசி, எனக்குத் தெரியல."

"பரவாயில்ல."

"நான் அன்னைக்கு எதையுமே பாக்கல. துணியில சுத்திக் கையில குடுத்தாங்க. ஒரு கனமும் இல்ல. வண்டியில வரும்போது மடியில இருக்குதான்னு தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு வந்தேன். அது மட்டும்தான் ஞாபகம் இருக்கு. குழியில வெச்சது ஞாபகம் இல்ல. திரும்பி வந்து என்னமோ சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன்னு கூடத் தெரியல."

"தோசை" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். அவன் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை நான் இதுவரை கேட்டதில்லை. நானும் உட்கார்ந்தேன். அவன் தலை என் தோளில் சாய்ந்தது. மூளைகளைத் தூக்கிப் பழகிய எனக்கு ஒரு தலை இவ்வளவு கனமாக இருக்கும் என்று தெரியாது. என் கழுத்து நனைந்தது. அவன் கண்ணீர் என்றுதான் முதலில் நினைத்தேன்.

எந்த மேடு என்று கடைசிவரை தெரியவில்லை. இரண்டின் மேலும் இருந்த செடிகளைப் பிடுங்கினோம். மழையில் நெகிழ்ந்த மண்தான், ஆனாலும் வேர்கள் பிடியை விடவில்லை. நான் அடியைப் பிடித்துக்கொள்ள, அவன் இழுத்தான்.